உடைமைக் குறியும் வாணிகக் குறியும்

தமிழகத்தை விட்டுத் தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியேறியிருக்கும் நம்மவர் வீட்டு அலமாரிகளில், கைக்குழந்தை உள்ள வீடாயின், இரண்டு புட்டிகளை அருகருகே காணலாம். ஒன்று உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர், மற்றொன்று ஹார்லிக்ஸ். இரண்டும் மனிதர் பெயர்களே. 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளர் குழந்தைகளின் வயிற்று வலிக்கென ஒரு நீரைக் கலந்தார். 1873-இல் ஜேம்ஸ், வில்லியம் என்னும் ஹார்லிக் சகோதரர் இருவர் அமெரிக்காவில் சிகாகோ நகரில் மால்ட் உணவு செய்யும் தொழிலைத் தொடங்கினர். இவ்விரு பெயர்களின் ஈற்றிலும் 'ஸ்' என்னும் ஒலி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்லும்போது இரண்டிற்கும் வேற்றுமை இல்லை. ஆயினும் ஆங்கில எழுத்தை உற்று நோக்கினால், உட்வர்ட் பெயரில் அந்த ஸகரத்திற்கு முன்னே, வரியின் மேற்புறத்தில், ஒரு காற்புள்ளி தொங்குவதைக் காணலாம். ஹார்லிக்ஸ் பெயரில் அது இல்லை. முற்காலத்து விளம்பரங்களில் அதுவும் 'ஹார்லிக்'ஸ் மால்டட் மில்க்' என்று காற்புள்ளியோடுதான் அச்சாயிற்று. பிற்காலத்தில் அது உதிர்ந்து போயிற்று.

அந்தக் காற்புள்ளி உதிர்ந்த இடத்திற்குச் சற்று வலப்புறத்தில் வேறொரு சிறு குறி முளைத்தது. வட்டத்துள் அடைபட்ட 'ஆர்' என்னும் எழுத்து அது. முதற்குறி இலக்கணத்திற்கு உரியது. இன்னது இன்னாருடையது என்று சொல்வது. இரண்டாவது சட்டத்திற்கு உரியது; இப்பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியுள்ளது என்று சொல்வது. இரண்டும் உடைமையையே கூறுகின்றன. ஆனால் ஒரே உடைமையையா கூறுகின்றன என்பதுதான் கேள்வி. ஒன்று வர ஒன்று போன கதையை இப்பேச்சிலே சிறிது ஆராய்வோம்.

ஆங்கிலேயர் அபாஸ்டிரபி என்று வழங்கும் அந்த மேற்காற்புள்ளி ஆங்கில மண்ணில் பிறந்ததன்று. பெயர் கிரேக்கம், திருப்பி விடுதல் என்பது அதன் பொருள். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சகங்கள் அதனை எடுத்தாண்டன. ஓரெழுத்துக் கெட்டு இரு சொற்கள் புணருமிடத்தில், கெட்ட எழுத்தின் இடத்தைக் காட்ட அது நின்றது. அங்கிருந்து அந்நூற்றாண்டிலேயே ஆங்கில அச்சுக்கும் வந்து சேர்ந்தது. அப்பொழுது அதற்கு உடைமைப் பொருள் ஏதும் கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் உடைமைப் பொருளைப் பல பெயர்ச்சொற்கள் 'எஸ்' என்னும் அசையைக் கொண்டு உணர்த்தின. நாளடைவில் அவ்வசையிலிருந்த எகரம் ஒலியிழந்தது. ஒலி போன இடத்திலே மேற்காற்புள்ளியை இட்டனர். இதுவே உண்மையான வரலாறு. ஆனால் இடையிலே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 'அரசன் புத்தகம்' என்பதை 'அரசன் அவனது புத்தகம்' என்று எழுதும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. அதைக் கண்ட சிலர், ஸகரம் என்பது 'அவனது' என்னும் சொல்லின் தேய்வே என்றும், மேற்காற்புள்ளி அத்தேய்வின் அடையாளம் என்றும் நம்பினர். அப்படியானால் அரசிக்கு என்ன செய்வது? அவளுக்கும் ஸகரம்தானே வருகிறது? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. எனினும் நம்பிக்கை மட்டும் நெடுநாள் நிலவியது. ஒருமைக்கு ஸகரத்தின் முன்னும், பன்மைக்கு ஸகரத்தின் பின்னும் காற்புள்ளி இடுவது என்னும் இன்றைய விதி பதினெட்டாம் நூற்றாண்டிலேதான் மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஆங்கிலப் பள்ளிகளில் வேதவாக்கைப்போல் கற்பிக்கப்படும் விதியின் வயது இவ்வளவுதான்.

நம் மொழியில் இவ்வளவு தொல்லை இல்லை. ஆறாம் வேற்றுமைக்கு 'அது' என்னும் உருபைத் தொல்காப்பியமே கூறிவிட்டது. 'உடைய' என்னும் சொல்லுருபும் உண்டு. உருபு வேண்டாமெனில் அதைத் தொகையாக்கி விடலாம். 'கண்ணனது கடை' என்று எழுத வேண்டுவதில்லை. 'கண்ணன் கடை' என்றாலே போதும். உருபு மறைந்த இடத்தில் நாம் ஒரு புள்ளியும் இடுவதில்லை, கேட்பவனும் மயங்குவதில்லை. இன்னொரு நுட்பமும் நம் இலக்கணத்தில் உண்டு. உடைமையைத் தற்கிழமை, பிறிதின் கிழமை என்று இரண்டாக அது பகுக்கிறது. கண்ணனது கை என்பது தற்கிழமை. கையை அவனிடமிருந்து பிரிக்க இயலாது. கண்ணனது வீடு என்பது பிறிதின் கிழமை. இன்று அவனுடையது, நாளை மற்றொருவனுடையது. இப்பகுப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஒருவனுடைய பெயர் இவற்றுள் எந்த வகை? கையைப்போன்றதா, வீட்டைப்போன்றதா? இலக்கண ஆசிரியரைக் கேட்டால் முன்னது என்பார். வணிகச் சட்டம் பின்னது என்கிறது.

கடைகளுக்கு உடையவன் பெயரை வேற்றுமையோடு இடுவது இங்கிலாந்தில் பழைய வழக்கம். லண்டனில் தேம்ஸ் நதித்துறைக்கு அருகே டவர் தெருவில் எட்வர்ட் லாய்ட் என்பவர் ஒரு காப்பிக் கடை வைத்திருந்தார். 1688-ஆம் ஆண்டிலேயே அதைப்பற்றிய அச்சுக் குறிப்புக் கிடைக்கிறது. கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் அங்கே கூடினர். கப்பற் செய்திகள் அங்கே கிடைத்தன. செய்தி கிடைத்த இடத்திலே கப்பலுக்குக் காப்பீடு எழுதுவோரும் கூடினர். 1713-இல் லாய்ட் இறந்தார். காப்பியும் போயிற்று. காப்பீட்டுச் சந்தை மட்டும் அவர் பெயரோடும் அந்த மேற்காற்புள்ளியோடும் இன்றளவும் நிற்கிறது. 'லாய்டினுடைய' என்றால் லாய்டினுடைய எது? காப்பிக் கடை என்னும் சொல் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. உருபு மட்டும் நிற்கிறது. அது கொண்டு முடியும் பெயர் இல்லை.

இதனோடு லாய்ட்ஸ் வங்கியைக் குழப்பிக்கொள்வோர் பலர். அது 1765-இல் பர்மிங்ஹாம் நகரில் தோன்றியது. பொத்தான் தொழில் செய்த ஜான் டெய்லரும் அவர் மகனும், இரும்பு வாணிகம் செய்த சாம்ப்சன் லாய்டும் அவர் மகனுமாக நால்வர் கூடித் தொடங்கிய வங்கி. டெய்லர்களும் லாய்டுகளும் என்று அதற்குப் பெயர். ஆகவே அங்கே வரும் ஸகரம் வேற்றுமை உருபன்று, பன்மை விகுதி. மேற்காற்புள்ளிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே ஊரில் ஒரே ஒலியோடு இரண்டு பெரிய நிறுவனங்கள் இருந்தும், இலக்கணம் அறிந்தவன் ஒரு புள்ளியைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிந்து விடுவான்.

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இரயில் பாதைகளும் நீராவிக் கப்பல்களும் பண்டங்களைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்லலாயின. பண்டம் செய்தவன் ஓரூரில், வாங்குபவன் மற்றோரூரில். கடைக்காரனின் முகம் பார்த்து வாங்கிய காலம் போய், புட்டியின் முகம் பார்த்து வாங்கும் காலம் வந்தது. போலிச் சீட்டுகள் பெருகின. இங்கிலாந்தில் 1875-இல் வாணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் ஒன்று நிறைவேறியது. 1876-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று பதிவகம் திறக்கப்பெற்றது. பர்ட்டன் நகரத்து மது வடிப்போரான பாஸ் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் முதற் குறியாகப் பதிவேட்டில் ஏறியது. முதலிடம் பெறுவதற்காக அவர்களுடைய ஆள் முந்திய இரவே வாயிலில் வரிசை பிடித்து நின்றான் என்று ஒரு கதையும் வழங்குகிறது. அந்த முக்கோணத்தின் புகழை அறிய விரும்புவோர், பிரெஞ்சு ஓவியர் மனே 1882-இல் முடித்த பாரிஸ் மதுச்சாலை ஓவியத்தைக் காணலாம். அதில் மேசைமேல் நிற்கும் புட்டிகளில் அச்சிவப்பு முக்கோணம் தெளிவாகத் தெரிகிறது. உட்வர்ட் 'கிரைப் வாட்டர்' என்னும் பெயரைப் பதிவு செய்ததும் 1876-ஆம் ஆண்டிலேயே.

பாஸ் நிறுவனத்தாரின் அக்காலத்துச் சீட்டில் 'பாஸ் கூட்டத்தாருடைய வெளிர் மது' என்னும் பொருளில் வேற்றுமை உருபோடுதான் எழுதியிருந்தது. அதாவது, சட்டத்தின் பாதுகாப்புப் பெற்ற முதற் சீட்டிலேயே இலக்கணத்தின் உடைமைக் குறியும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் உருபைப் பார்த்தான்; தெரியாதவன் முக்கோணத்தைப் பார்த்தான்.

வட்டத்துள் ஆர் என்னும் குறிக்குப் பிறப்பிடம் அமெரிக்கா. அங்கே முன்பெல்லாம் பதிவுபெற்ற பெயரின் கீழே 'அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவானது' என்னும் வாசகத்தைச் சுருக்கியாவது அச்சிட வேண்டியிருந்தது. சிறு சீட்டுகளில் அதற்கு இடம் ஏது? ஜனாதிபதி ட்ரூமன் 1946-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் கையொப்பமிட்ட லான்ஹம் சட்டம், அவ்வாசகத்திற்குப் பதிலாக வட்டமிட்ட ஓர் எழுத்தே போதும் என்று இசைவளித்தது. சரியாக ஓராண்டு கழித்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெயரின் தோள்மீது ஏறி உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு வட்டத்தின் வயது, நம் சுதந்திர இந்தியாவின் வயதே. பதிவு பெறாதவர்கள் இடும் 'டி.எம்.' என்னும் இரண்டெழுத்தோ, 'இது என்னுடையதென்று நான் சொல்கிறேன்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

நம் நாட்டில் வாணிகக் குறிகளுக்கு முதற் பதிவுச் சட்டம் 1940-இல் இயற்றப்பட்டு 1942-இல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்திற்குப் பின் அச்சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அப்பணிக்குரிய ஆராய்ச்சியைச் செய்து 1955-இல் அறிக்கை அளித்தவர் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் அமர்ந்தவர். மருந்துகளின் காப்புரிமை பற்றி 1959-இல் அவர் அளித்த அறிக்கையைப் பலரும் புகழ்ந்து பேசுவர். வாணிகக் குறிகளைப் பற்றிய அறிக்கையை நினைப்போர் குறைவு. ஆயினும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அதுவும் ஓர் அடிப்படை. இன்று நடைமுறையில் உள்ள சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அமலுக்கு வந்தது. அதன் 107-ஆம் பிரிவைச் சிறு கடைக்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பதிவு பெறாத குறியைப் பதிவு பெற்றதாகக் காட்டலாகாது. முன்பு அதற்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது; 2024 முதல் பணத் தண்டம் மட்டுமே. அழகாயிருக்கிறதே என்று விளம்பரப் பலகை எழுதுபவன் தன்னிச்சையாக ஒரு வட்டத்தைச் சேர்த்துவிட்டால், பொறுப்பு முதலாளியின் தலையில் விடியும். மேற்காற்புள்ளியைத் தவறாக இட்டவனுக்கு ஆசிரியரின் பிரம்படிதான். இந்த வட்டத்தைத் தவறாக இட்டவனுக்கோ முன்பு சிறைவாசமும் இருந்தது.

இரு குறிகளும் ஒரே பெயரில் கூடும்போதுதான் எழுதுபவனுக்குச் சங்கடம் உண்டாகிறது. லீவை ஸ்ட்ராஸ் என்பவர் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரரோடு சேர்ந்து 1873-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், செப்பு ஆணி அடித்த காற்சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காற்சட்டை 'லீவை'ஸ்' என்று பெயர் பெற்றது. 'லீவையினுடையது' என்பது பொருள். பெயரிலேயே ஆறாம் வேற்றுமை இருக்கிறது. 'லீவையினுடையதனுடைய விலை' என்று சொல்ல வேண்டுமானால் என்ன செய்வது? இன்னொரு காற்புள்ளியும் இன்னொரு ஸகரமுமா? வட்டத்தை எங்கே வைப்பது? முதல் உருபுக்குப் பின்னா, இரண்டாவதற்குப் பின்னா?

இதற்கு வாணிகக் குறிச் சட்டம் பயின்றோர் ஒரு வழி சொல்கின்றனர். 1878-இல் அமெரிக்காவில் தோன்றி 1993 முதல் அனைத்துலக வாணிகக் குறிச் சங்கம் என்று பெயர் வழங்கும் அமைப்பு நெடுங்காலமாக வற்புறுத்தி வருவது இதுவே: வாணிகக் குறியைப் பெயர்ச்சொல்லாக ஆளாதே, பெயரடையாக ஆள்க. அதற்குப் பின் பண்டத்தின் பொதுப்பெயரை வை. வேற்றுமையோ பன்மையோ எது வந்தாலும் அப்பொதுப்பெயரின் தலையில் சுமத்து. பதிவான பெயரை ஓரெழுத்தும் மாற்றாதே. பெயர் பிறவியிலேயே வேற்றுமையேற்றதாயின் அவ்வேற்றுமையைப் பறிக்கவும் கூடாது. இதன்படி, 'லீவைஸ்® காற்சட்டையின் விலை' என்பது சரி. வட்டம் பதிவான பெயர் முடிந்தவுடன் நிற்கும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலியன வட்டத்திற்குப் பின்னே வரும்.

இந்த விதி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. 'பாட்டா' என்பதோடு 'இன்' சேர்ந்தால் 'பாட்டாவின்' என்று இடையே வகர உடம்படுமெய் தோன்றுகிறது. அந்த இடையிலே வட்டத்தை நுழைத்தால் உடம்படுமெய் எதனை எதனோடு உடன்படுத்தும்? வட்டத்தை 'வின்' என்பதற்கும் அப்பால் தள்ளினால் பதிவான பெயர் 'பாட்டாவின்' என்றாகிவிடும். 'பாட்டா செருப்பின் விலை' என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. சட்டத்தார் தேடிக் கண்ட தீர்வு, நம் தொகைநிலைத் தொடரில் முன்னமே இருக்கிறது.

ஆனால் செய்தித்தாளும் கட்டுரையும் கதையும் எழுதுபவன் இந்த வட்டத்தைச் சுமக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. அவ்வாறு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஆங்கில அச்சுலகில் மதிப்புப் பெற்ற சிகாகோ நடைக் கையேடும் விளம்பரமல்லாத எழுத்தில் அக்குறிகள் வேண்டா என்றே கூறுகிறது. பண்டத்தை விற்பவன் இடட்டும். அதைப்பற்றிப் பேசுபவன் ஏன் இட வேண்டும்? பெயரைச் சரியாக எழுதினால் போதும்.

எனினும் வணிகர்களின் அச்சம் வெறும் பிடிவாதமன்று. பொதுமக்கள் ஒரு பெயரைப் பண்டத்தின் பெயராகவே வழங்கிவிட்டால், நீதிமன்றம் அதைப் பொதுச்சொத்தாக்கிவிடும். ஜெர்மானியப் பேயர் நிறுவனத்தின் 'ஆஸ்பிரின்' 1921-இல் அமெரிக்க நீதிமன்றத்தில், பொதுமக்களிடம் விற்கும் அளவில், தன் உரிமையை இழந்தது. நகரும் படிக்கட்டுக்கு ஓட்டிஸ் நிறுவனம் வைத்திருந்த 'எஸ்கலேட்டர்' என்னும் பெயர் 1950-இல் அவ்வாறே போயிற்று. இன்று எந்த மெட்ரோ நிலையத்திலும் அதை யாருடைய பெயரென்றும் எண்ணாமல் ஏறிச் செல்கிறோம். நம் நாட்டிலோ தெருவுக்குத் தெரு 'ஜெராக்ஸ்' எடுக்கும் கடைகள். அந்தக் கடைகளுள் எத்தனையில் அந்த நிறுவனத்தார் செய்த இயந்திரம் இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை.

லீவைஸ் காற்சட்டையின் பின்பையில் 1936 முதல் ஒரு சிறு சிவப்புத் துணிப்பட்டை தைக்கப்படுகிறது. அதில் பெயர் நெய்திருக்கும். ஆனால் சில காற்சட்டைகளில் அப்பட்டையில் பெயரே இராது. வட்டத்துள் ஆர் மட்டும் இருக்கும். வாங்கியவர்கள் போலியென்று எண்ணி மயங்குவதுண்டு. அது போலியன்று. பெயர் மட்டுமல்ல, அந்தப் பட்டையே தம் வாணிகக் குறி என்பதை நிலைநாட்டுவதற்காக, ஒரு பகுதிப் பட்டைகளை வேண்டுமென்றே பெயரின்றி விடுகின்றனர். லீவையும் இல்லை, மேற்காற்புள்ளியும் இல்லை, ஸகரமும் இல்லை. பதிவு மட்டும் இருக்கிறது.

இனி, முன்னே கேட்ட கேள்விக்கு வருவோம். ரிச்சர்ட், மாரிஸ் என்னும் மெக்டொனால்ட் சகோதரர் இருவர் 1940-இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் ஓர் உணவுக் கடை திறந்தனர். கடையின் பெயர் 'மெக்டொனால்ட்'ஸ்'. 1961-இல் ரே கிராக் என்னும் வணிகருக்கு இருபத்தேழு இலட்சம் டாலருக்குத் தம் உரிமையை விற்றனர். தம் முதற் கடையை மட்டும் தமக்கென்று வைத்துக்கொண்டனர். ஆனால் பெயர் விற்றுப்போய்விட்டதே! சொந்தக் கடையின் பலகையிலிருந்து சொந்தப் பெயரை இறக்க வேண்டியதாயிற்று. கடைக்கு 'பெரிய எம்' என்று வேறு பெயர் சூட்டினர். அதற்கு அருகிலேயே கிராக் மெக்டொனால்ட் பெயரில் ஒரு கடை திறந்தார். சகோதரர்களின் கடை சில ஆண்டுகளில் மூடுண்டது. உலகெங்கும் இன்று அப்பெயரின் பின்னே மேற்காற்புள்ளியும் ஸகரமும் அப்படியே நிற்கின்றன. 'மெக்டொனால்டினுடையது' என்று பலகை சொல்கிறது. மெக்டொனால்டினுடையதல்ல என்று பத்திரம் சொல்லியது. தற்கிழமை என்று நாம் நினைப்பது பிறிதின் கிழமையாக மாறுவதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

இங்கிலாந்தில் இளவரசி டயானாவின் 1981-ஆம் ஆண்டுத் திருமண உடையைத் தைத்தவருள் ஒருவரான எலிசபெத் இமானுவேலுக்கும் இவ்வாறே நேர்ந்தது. தொழிலோடு அவர் பெயரும் கைமாறியது. பெயர் மக்களை மயக்குகிறது என்று அவர் வழக்காடினார். 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம், அது மட்டுமே பதிவை நீக்கப் போதிய காரணமாகாது என்று கூறிவிட்டது.

பண்டம் பெருகப் பெருக, உடையவன் மறைய மறைய, மேற்காற்புள்ளி உதிர்வது இயல்பாயிற்று. பியர்ஸ் சோப்பை எடுத்துக்கொள்வோம். 'பியர்' என்னும் பழத்தின் பன்மையென்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது ஆண்ட்ரூ பியர்ஸ் என்னும் நாவிதரின் பெயர். கார்ன்வாலிலிருந்து லண்டனுக்குப் பிழைக்க வந்தவர். ஸகரம் அவருடைய பெயரிலேயே உள்ளது. ஆகவே பழைய விளம்பரங்கள் ஸகரத்திற்குப் பின்னே காற்புள்ளியிட்டு எழுதின. அக்காற்புள்ளி நின்ற வரையில் பழமன்று, மனிதன் என்று தெரிந்தது. அது போனபின் பழமே மிஞ்சியது.

1982-இல் டிம் வாட்டர்ஸ்டோன் தொடங்கிய புத்தகக் கடைகள் 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் தம் பெயரிலிருந்து மேற்காற்புள்ளியை எடுத்துவிட்டன. இணைய முகவரியில் அக்குறிக்கு இடமில்லை என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. புத்தகம் விற்பவனே புள்ளியைக் கைவிடலாமா என்று அந்நாட்டில் பெரிய ஆரவாரம் எழுந்தது. 2001-இல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்னும் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் மேற்காற்புள்ளியைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் நிறுவியிருந்தார். 2019-இல், தம் தொண்ணூற்றாறாம் வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று கூறி அதைக் கலைத்தார். பின்னர் வேறொருவர் அதை ஏற்று நடத்த முன்வந்தார்.

எல்லா இடத்திலும் காரணம் சோம்பலன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழிக்கு முதன்மை தரும் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஈட்டன் பல்பொருட் கடையின் பெயர்ப் பலகையில் ஆங்கில வேற்றுமை உருபுக்கு இடமில்லாமற் போயிற்று. மற்ற மாகாணங்களில் 'ஈட்டன்'ஸ்', அங்கே வெறும் 'ஈட்டன்'. ஜெர்மனியிலோ நேர்மாறு. அவர்கள் மொழியில் உடைமைப் பொருளுக்கு ஸகரம் உண்டு, காற்புள்ளி கிடையாது. ஆங்கிலத்தைப் பார்த்துக் கடைக்காரர்கள் காற்புள்ளியிடத் தொடங்கினர். மூடரின் காற்புள்ளி என்று படித்தவர்கள் அதற்கு ஏளனப் பெயரிட்டனர். ஏளனம் பலிக்கவில்லை. 2024-இல் ஜெர்மன் எழுத்துமுறைக் குழு வெளியிட்ட விதித்தொகுதி, ஆட்பெயரால் அமைந்த கடைப் பெயர்களில் அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1890 முதல் ஊர்ப்பெயர்களை முறைப்படுத்தும் அரசாங்க வாரியம், ஐந்தே ஐந்து இடங்களுக்கு மட்டும் மேற்காற்புள்ளியை அனுமதித்திருக்கிறது. நிலத்தின்மேல் தனியொருவன் உரிமை கொண்டாடுவதுபோல் தோன்றலாகாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

நேயர்கள் வாழும் நகரங்களிலேயே இவ்வரலாற்றின் தடயங்கள் உள்ளன. 1926-இல் தோன்றித் தில்லி கன்னாட் பிளேசில் நிற்கும் 'வெங்கர்'ஸ்' ரொட்டிக் கடை காற்புள்ளியை விடவில்லை. கொல்கத்தா பார்க் தெருவில் 1927-இல் தோன்றிய 'ஃப்ளூரிஸ்' விட்டுவிட்டது. பிகானேரில் 1937-இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய ஹல்திராம், இந்தியப் பெயரோடு ஆங்கில வேற்றுமையைச் சேர்த்துக்கொண்டு 'ஹல்திராம்'ஸ்' என்று நாடெங்கும் பரவியது. பெயர் யாருக்குச் சொந்தமென்று அந்தக் குடும்பத்தின் கிளைகளே நீதிமன்றம் ஏறியதை நாடு அறியும்.

அயலூரில் தம் பெயரால் சிற்றுண்டிச் சாலையோ மளிகையோ நடத்தும் நம்மவர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நலம். அதே பெயரை வேறொருவர் முன்னமே பதிவு செய்திருந்தாலும், தன் சொந்தப் பெயரை ஒருவன் நேர்மையாகத் தன் தொழிலுக்கு வழங்குவதை அப்பதிவைக் கொண்டு தடுத்தல் இயலாது என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கூறுகிறது. தில்லியில் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கிய இரு நகைக் கடைகளுக்கிடையே எழுந்த வழக்கில், 2014-இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை வைத்தே பிந்தியவருக்கு ஆதரவு காட்டியது. நேர்மை என்பதுதான் அங்கே உயிரான சொல். அடுத்த தெருவில் பெயர்பெற்ற கடையின் எழுத்து வடிவத்தையும் வண்ணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டவனுக்கு அப்பிரிவு துணை செய்யாது.

சென்னையில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பெயர்களுள் 1844-இல் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ் காற்புள்ளியின்றி நிற்கிறது. ஸ்பென்சர் பெயரை நாம் ஸகரத்தோடும் சொல்வோம், ஸகரமின்றியும் சொல்வோம். 1788-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து வாணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயருக்கு நேர்ந்ததே சுவையானது. அவருடைய நிறுவனம் நின்ற மூலையை ஆங்கிலேயர் 'பாரி'ஸ் கார்னர்' என்றனர். அதைக் காதால் கேட்ட மக்கள், பிரான்சின் தலைநகருக்கும் இந்த மூலைக்கும் என்ன தொடர்போ என்று திகைத்ததுண்டு. தமிழாக்கியவர்கள் காற்புள்ளியையும் ஸகரத்தையும் ஒருங்கே களைந்து, ஆறாம் வேற்றுமைத் தொகையாக்கிப் 'பாரிமுனை' என்றனர். இன்று வெளியூரிலிருந்து வந்து அங்கே பேருந்தைவிட்டு இறங்கும் ஒரு தமிழ்ச் சிறுவன், முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயரால் அமைந்த முனை என்றே எண்ணிக்கொள்கிறான்.